உப்பைப் பரிசோதித்த நாட்கள்

ரஸாயனம் படிக்கிற பெண் வாசற்படி ஏறுவதற்கு முன்பே அவள் வந்துவிட்ட செய்தி வீட்டுக்குள் வந்துவிடும் என்று என் தகப்பனார் சொல்வதுண்டு. அதில் அதிசயோக்தி அதிகமில்லை. 1997-ஆம் வருஷத்தில் நான் பி.எஸ்ஸி. ரஸாயன வகுப்பில் சேர்ந்தபோது, எங்கள் கலாசாலையின் சோதனைச்சாலை மூலையில் ஒரு கண்ணாடிச் சாதனம் கோயில் மூர்த்தியைப் போல் பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தது. மூன்று குமிழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தோற்றம். நடுக் குமிழில் இரும்பும் கந்தகமும் கூடிய கறுப்புக் கட்டிகள். மேலேயிருந்து இறங்கும் திராவகம் அடிக்குமிழை நிரப்பிக்கொண்டு எழும்பி அந்தக் கட்டிகளைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஸல்பைட் என்னும் வாயு கிளம்பும். குழாயை மூடினால், உள்ளே சேர்ந்த வாயுவே திராவகத்தைக் கீழே தள்ளி உற்பத்தியை நிறுத்திவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கண்டுபிடித்த கிப் என்னும் டச்சுக்காரரின் யுக்தி அபாரமானதுதான். ஆனால் அந்த வாயுவின் மணம் அழுகின முட்டையின் மணம். அது புடவைத் தலைப்பிலும் தலைமயிரிலும் புகுந்துகொண்டு ராத்திரி சாப்பாட்டு வேளை வரையில் கூடவே இருக்கும்.

மணத்தோடு போயிற்றா? என் வெள்ளிக் கொலுசு மூன்றே மாதத்தில் கறுத்துப் போயிற்று. அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். திருநீறு போட்டுத் தேய்த்தாள். அடுத்த வாரம் மறுபடியும் கறுத்தது. "பத்தர் நம்மை ஏமாற்றிவிட்டார், இது வெள்ளியே அல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுப்பது இயற்கை, பத்தர் நிரபராதி என்று நான் எடுத்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், படிக்க அனுப்பிய பெண் பத்தருக்கு வக்கீலாக வந்து சேர்ந்தாளே என்ற வருத்தம் தெரிந்தது.

அந்த வாயு மணத்தில் மட்டும் கெட்டதல்ல, குணத்திலும் கொடியது. அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்ச்சியையே அது முதலில் மழுங்க அடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, அபாயம் நீங்கிவிட்டது என்று எண்ணுகிறவன்தான் பெரிய அபாயத்தில் இருக்கிறான். ஆகையால் பல கலாசாலைகளில் இப்போது அந்தச் சாதனத்தை விலக்கிவிட்டு வேறு வழிகளைக் கையாளுகிறார்கள். அது நியாயமே. வாயால் உறிஞ்சிப் பிப்பெட்டில் திராவகம் எடுக்கிற வழக்கம் போய், ரப்பர் குமிழ் வந்ததும் நியாயமே. பழையன எல்லாம் பொன் என்று வாதாடுவது என் நோக்கமல்ல. அந்தப் புகையிலும் நாற்றத்திலும் நின்று நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

வாரத்தில் இரண்டு மத்தியானங்கள் எங்களுக்குச் செய்முறை வகுப்பு. ஒவ்வொருவருக்கும் மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று கிடைக்கும். அதில் இரண்டு உப்புகள் கலந்திருக்கும். உப்பு என்றதும் ரஸத்தில் போடுகிற உப்பை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரஸாயனிக்கு மயில்துத்தமும் உப்பு, படிகாரமும் உப்பு, சுண்ணாம்புக் கல்லும் உப்புத்தான். உலோகப் பகுதி ஒன்றும் அமிலப் பகுதி ஒன்றும் சேர்ந்தால் அது உப்பு. பொட்டலத்துக்குள் இருக்கும் இரண்டு உலோகங்கள் எவை, இரண்டு அமிலப் பகுதிகள் எவை, ஆக நான்கு பெயர்களையும் மூன்று மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து எழுதிவிட வேண்டும்.

அரிசியையும் நொய்யையும் தவிட்டையும் சல்லடை மாற்றி மாற்றிச் சலித்துப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலோகங்களைப் பிரிக்கும் முறையும் அப்படித்தான். கரைசலில் முதலில் ஹைட்ரோகுளோரிக் ஆஸிட் விட்டால் ஈயமும் வெள்ளியும் வெள்ளையாகக் கீழே விழும். அவற்றை வடிகட்டிவிட்டு, மேற்படி நாற்ற வாயுவைச் செலுத்தினால் தாமிரம் கறுப்பாகவும், காட்மியம் மஞ்சளாகவும், ஆன்டிமொனி ஆரஞ்சு வர்ணத்திலும் விழும். அதையும் வடிகட்டி அம்மோனியா சேர்த்தால் இரும்பு துருவின் நிறத்திலும், அலுமினியம் கஞ்சிக் கட்டியைப் போலவும் வந்து நிற்கும். இப்படியே ஆறு கூட்டங்கள். எழுதுவதற்கு எளிது. ஆனால் பாஸ்பேட் போன்ற சில அமிலப் பகுதிகள் பொட்டலத்தில் ஒளிந்திருந்தால், பின்னால் வர வேண்டிய கால்ஷியமும் பேரியமும் மூன்றாவது கூட்டத்திலேயே முண்டியடித்துக்கொண்டு விழுந்து, குட்டையைக் குழப்பிவிடும். அந்தத் தொல்லையை முதலில் அகற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலரை மணிக்குத்தான் இந்த ரகசியம் தெரிய வந்தவர்களுடைய முகங்களைப் பார்க்கச் சகிக்காது.

இருந்தாலும் அதில் இருந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வது! ஈயம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பொட்டாஸியம் அயோடைடு சேர்ப்போம். மஞ்சளாக ஒரு வீழ்படிவு வரும். அதை வெந்நீரில் காய்ச்சினால் மஞ்சள் மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். குழாயைப் பிடித்துக்கொண்டு ஆறவிட்டால், பொன் தகட்டைப் பொடி செய்து தூவியது போல் மினுமினுவென்று துகள்கள் சுழன்றுகொண்டு இறங்கும். வோகல் என்பவருடைய தடித்த புஸ்தகத்தில் இதற்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கிறார்கள். புஸ்தகத்தை எத்தனை தரம் படித்தாலும் அந்தப் பொன் மழை கண்ணில் விழாது.

எங்கள் சோதனைச்சாலையில் ஓர் அட்டெண்டர் இருந்தார். பொட்டலங்களைக் கட்டுகிறவர் அவரேயாகையால் ரகசியம் முழுவதும் அவரிடம் அடக்கம். பரீட்சைக் காலத்தில் அவருக்கு ஐம்பது ரூபாய் தக்ஷிணை வைத்தால், பொட்டலத்தின் நம்பரைப் பார்த்துக் காதில் மந்திரோபதேசம் செய்துவிடுவார். இது எங்கள் கலாசாலைக்கு மட்டும் உரிய சம்பிரதாயம் என்று நேயர்கள் நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ரஸாயனம் படித்த யாரையும் தனியே கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் வகுப்பு மாணவர் ஒருவருக்கு இப்படிக் "காட்மியம்" என்று உபதேசம் ஆயிற்று. அவரும் நிம்மதியாகச் சோதனையைத் தொடங்கினார். வாயுவைச் செலுத்தினார்; மஞ்சள் கண்டார். ஊர்ஜிதம் செய்வதற்கான சோதனைகளையும் செய்தார். அவற்றிலும் மஞ்சள் கண்டார். எல்லாவற்றையும் முத்து முத்தான எழுத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர், "அந்த மஞ்சளை எனக்கும் கொஞ்சம் காட்டுங்கள், தம்பி" என்றார். குழாயில் இருந்ததோ கருமை. அன்று காலையில் எங்கள் புரொபஸர் பொட்டலங்களின் நம்பர்களை மாற்றிப் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இதில் எனக்கு ஆச்சரியம் அந்த மாணவர் பொய் எழுதினார் என்பதல்ல. அவர் பொய் எழுதவில்லை. சத்தியமாக மஞ்சளைத்தான் பார்த்ததாக என்னிடம் சொன்னார். காதில் விழுந்த ஒரு வார்த்தை கண்ணில் வர்ணம் பூசிவிடுகிறது! கேள்விப்பட்டதைக் கண்ணுக்குள் விடாமல் தடுத்து, குழாயில் இருப்பதை மாத்திரம் பார்க்கிற வித்தை யாருக்கும் பிறவியில் வருவதில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குக் குழாய் வேண்டும்.

மாணாக்கன் தன் கையாலேயே செய்து கற்க வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு ரஸாயன சாஸ்திரத்தில் ஆதி முதல் இருந்ததல்ல. வெகு காலம் வரையில் பல இடங்களில் ஆசிரியர் மேஜையருகில் நின்று செய்து காட்டுவார். மாணாக்கர்கள் கச்சேரி கேட்பது போல் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெர்மனியில் கீஸன் என்னும் சிறிய ஊரில் 1824-இல் ஆசிரியராக வந்த லீபிக் என்பவர் அந்த வழக்கத்தை மாற்றினார். வந்தபோது அவருக்கு வயது 21. மாணாக்கர் ஒவ்வொருவரையும் சோதனைச்சாலையில் நிறுத்தி, தாமே பகுத்துப் பார்க்கச் செய்தார். ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் அந்தச் சிற்றூரைத் தேடி இளைஞர்கள் வந்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த பிரெஸீனியஸ் 1841-இல் பகுப்பாய்வு முறைகளைப் புஸ்தகமாக எழுதி, 1848-இல் வீஸ்பாடன் நகரில் சொந்தமாகவே ஒரு சோதனைச்சாலை வைத்தார். கூட்டம் கூட்டமாக உலோகங்களைப் பிரிக்கிற அந்த வழியைத்தான், சில்லறை மாறுதல்களுடன், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு நாங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்துகொண்டிருந்தோம்.

நம் தேசத்தில் இந்த வித்தையைத் தேச ஸேவையாகவே கருதி உழைத்தவர் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1889-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் அவர் உபாத்தியாயரானார். அங்கே ஆரம்ப காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? கடைகளில் விற்ற நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் உண்டா என்று பார்த்ததுதான். 1896-இல் பாதரஸ நைட்ரைட்டைத் தயாரித்து உலகப் புகழ் அடைந்ததும், வங்காளத்தில் மருந்துத் தொழிற்சாலை ஸ்தாபித்ததும், ஹிந்து ரஸாயனத்தின் சரித்திரத்தை எழுதியதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். பெரிய காரியங்களுக்கு முன்னால் அவர் நெய்யைக் காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. ஜனங்கள் தினமும் தின்கிற பண்டத்தில் என்ன இருக்கிறது என்று அறிவதைக் காட்டிலும் உயர்ந்த ஆராய்ச்சி அவருக்குத் தோன்றவில்லை போலும்.

இருக்கட்டும். முதல் வருஷம் "என்ன இருக்கிறது?" என்று தேடினோம் அல்லவா? இரண்டாம் வருஷத்தில் கேள்வி, "எவ்வளவு இருக்கிறது?" என்று மாறிற்று. இங்கேதான் உண்மையான சோதனை ஆரம்பமாயிற்று. சோதனைக்கு உட்பட்டது உப்பல்ல, நாங்கள்தான்.

பியூரெட் என்பது நெட்டுக்குத்தாக நிற்கும், கோடு கிழித்த கண்ணாடிக் குழாய். அதில் பொட்டாஸியம் பெர்மாங்கனேட் கரைசல், நாவற்பழச் சாற்றின் நிறத்தில். கீழே கூம்புக் குடுவையில் ஆக்ஸாலிக் ஆஸிடும் கந்தகத் திராவகமும், கை பொறுக்கிற சூட்டுக்கு மேலாகக் காய்ச்சியது. குழாயைத் திறந்து ஒரு துளி விட்டால் முதலில் அந்த நிறம் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். நாலைந்து துளி போன பிறகு, விழுந்த மாத்திரத்திலேயே நிறம் மாயமாய் மறையும். முதல் துளிகளில் பிறந்த மாங்கனீஸே பின்னால் வரும் துளிகளுக்கு வழி திறந்து விடுகிறது என்று காரணம் சொல்வார்கள். இப்படி விட்டுக்கொண்டே, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு துளி விழும். குடுவை முழுவதும் குழந்தையின் உள்ளங்கை போல் வெளிறிய ரோஜா நிறமாகி, அரை நிமிஷம் அப்படியே நிற்கும். அதுதான் முடிவு. அதற்கு மேல் ஒரு துளி போனாலும் வீண். ஒரு துளி என்பது ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. கை தேர்ந்தவர்கள் துளியையே பாதியாக்கி, நுனியில் தொங்குவதைக் குடுவையின் சுவரில் தொட்டெடுத்து, சுத்த ஜலத்தால் கழுவி இறக்குவார்கள். ஸங்கீத வித்வான் ஒரு ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துவாரே, அது போல.

எங்கள் புரொபஸருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. குறிப்பு நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். பியூரெட்டைப் பார்த்த கண் வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். எழுதியதை ரப்பர் கொண்டு அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. வேண்டாததை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம். அடித்த எண் அடிக்கு அடியிலும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் எழுதி, வீட்டுக்குப் போய் அழகாக நகல் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை அவர் கண்டால் துர்வாஸர்தான்.

ஒரு நாள் என் பக்கத்தில் நின்ற தோழிக்கு 18.4 வந்தது. இரண்டாம் தடவை 18.9. மூன்றாம் தடவை மறுபடியும் 18.4. இரண்டு ஒத்துப் போயின அல்லவா? நடுவில் வந்ததை அவள் எழுதவில்லை. புரொபஸர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அந்த 18.9 எங்கே போயிற்று, அம்மா?"

"அது தப்பு, ஸார்."

"தப்பா இல்லையா என்பதை நாளைக்குத் தீர்மானம் செய்துகொள்ளலாம். இன்றைக்கு அது நடந்தது. நடந்ததை எழுது."

அவள் எழுதினாள். அப்புறம் அவர் பியூரெட்டை நிரப்பி, திருகை மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மௌனமாக நின்றார். திருகின் அடியில் மெல்ல ஒரு துளி திரண்டது. அந்தப் பியூரெட் ஒழுகிக்கொண்டிருந்தது! எந்தத் தடவை எவ்வளவு ஒழுகிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஒத்துப்போன இரண்டு எண்களும் சரியானவையா என்பதும் இப்போது சந்தேகமாகிவிட்டது. மூன்றையும் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, திருகுக்கு வாஸலின் தடவி, ஆரம்பத்திலிருந்து செய்யச் சொன்னார். ஒழுகுகிற விஷயத்தை எங்களுக்குச் சொல்ல வந்த ஸாக்ஷி அந்த 18.9 ஒன்றுதான். அதன் வாயை மூடியிருந்தால் அந்தப் பியூரெட் வருஷம் முழுவதும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

நிறை காணும் சோதனைகள் இன்னொரு தினுசு. பேரியம் ஸல்பேட்டை வெள்ளையாக வீழ்த்தி, வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்து முதிரவிட்டு, வடிதாளில் வடித்துக் கழுவ வேண்டும். எவ்வளவு கழுவினால் போதும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. கழுவின நீரில் ஒரு துளி ஸில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்து, பால் போல் கலங்காத வரையில் கழுவிக்கொண்டே போக வேண்டும். பிறகு பீங்கான் மூசையில் இட்டுப் புடம் போட்டு, ஆறவைத்து நிறுக்க வேண்டும். மறுபடியும் சுடவைத்து, மறுபடியும் ஆறவைத்து, மறுபடியும் நிறுக்க வேண்டும். இரண்டு நிறையும் ஒன்றாகிற வரையில் விமோசனம் கிடையாது. தராசோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கு வரையில் பேசும். மூசையை விரலால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பிசுக்குக்கூட நிறையில் ஏறிவிடும் என்பதால், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தராசு அறைக்குள் போவோம். சித்திரை மாதத்து வெயிலில் அந்த அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியின் ஆட்டத்தை எண்ணுவோம். யோகாப்பியாஸத்துக்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை.

எம்.எஸ்ஸி. படிக்கச் சர்வகலாசாலைக்குப் போனபோது யந்திரங்கள் வந்தன. சுவாலையில் கரைசலைத் தெளித்து, அந்த ஒளியைக் கொண்டே ஸோடியம் எவ்வளவு என்று கண நேரத்தில் சொல்லும் யந்திரம். நீரில் கலந்த உலோகங்களைப் பத்து லக்ஷத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கண்டுபிடிக்கும் யந்திரம். இனிமேல் பியூரெட்டுக்கு வேலை இல்லை என்று எங்களில் பலருக்கு எண்ணம். முதல் நாளே அந்த எண்ணம் போயிற்று. வெறும் சுத்த ஜலத்தைக் கொடுத்தோம். அதற்கும் யந்திரம் ஸோடியம் இருப்பதாக ஓர் எண்ணைக் கொடுத்தது. வியர்த்த விரல்பட்ட உப்பா, சரியாகக் கழுவாத குடுவையா என்று தேடுவதிலேயே அன்றைய பொழுது போயிற்று. யந்திரத்துக்கு அளவு கற்பிப்பதற்கு வேண்டிய கரைசல்களைக் கையால்தான் நிறுத்து, கையால்தான் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கை தவறினால் யந்திரமும் அந்தத் தவறை மூன்று தசம ஸ்தானம் வரையில் சுத்தமாக அச்சடித்துக் கொடுத்துவிடும். அச்சில் இருப்பதால் அதை நம்புகிறவர்களும் அதிகம்.

"ஒரு துளி முன்னே பின்னே போனால் என்ன முழுகிவிடும்?" என்று கேட்கலாம். கலாசாலையில் ஒன்றும் முழுகாது. இரண்டு மார்க் போகும். ஆனால் கலாசாலைக்கு வெளியே சில சமயங்களில் உயிர் போகிறது. குழந்தைகளின் இருமல் மருந்துகளில் மருந்தைக் கரைப்பதற்காக புரொபிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைச் சேர்ப்பதுண்டு. அதே போல் தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும் இன்னொரு திரவம் டை-எதிலீன் கிளைக்கால். அது தொழிற்சாலைச் சரக்கு. உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் விஷம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 1937-இல் அமெரிக்காவில் இதனால் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் பலியானார்கள். 1986-இல் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் 14 பேர். 2022-இல், ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா தேசத்துக்கு இந்தியாவிலிருந்து போன மருந்துகளில் இந்த விஷம் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தபோது, பத்திரிகையைப் படித்துவிட்டுத் தலை குனிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். 2025-ஆம் வருஷம் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த மருந்து நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் தயாரானது. அதில் அந்த விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகக் கண்டறிந்து சொன்னது தமிழ்நாட்டு ஸர்க்காரின் மருந்துப் பரிசோதனைச் சாலை.

நூற்றுக்கு 48.6 பங்கு! இதைக் காண்பதற்குத் துளியைப் பாதியாக்குகிற கை நுட்பம்கூடத் தேவையில்லை. மூலப்பொருள் வந்து இறங்கிய அன்றே ஒருவர் அதில் ஒரு கரண்டி எடுத்துப் பரிசோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால் போதும். இப்படிப்பட்ட விபத்துக்களைக் குறித்து வாசிக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஒருவர் செய்யாத சோதனைக்கு "சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பாரோ என்று என் மனம் அந்த நோட்டையே சுற்றுகிறது. காட்மியம் என்று காதில் கேட்டுவிட்டு மஞ்சள் எழுதின அந்த வித்தை அங்கே போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்!

இதனால்தான் பள்ளிக்கூடங்களில் இப்போது நான் காண்கிற சில காரியங்கள் மனத்துக்கு உவப்பாயில்லை. பிளஸ் டூ வகுப்பில் ரஸாயனத்துக்கு உள்ள 100 மார்க்கில் 20 செய்முறைக்கு. அந்த இருபதும் எப்படியும் வந்துவிடும் என்பது மாணாக்கருக்கும் பெற்றோருக்கும் திடமான நம்பிக்கை. அது பொய்யான நம்பிக்கை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சோதனைச்சாலையின் பூட்டு பரீட்சைக்கு முந்தின மாதந்தான் திறக்கும் பள்ளிகளும் உண்டு. போன வருஷம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மிகவும் மரியாதை உள்ள மனிதர். "டீச்சர், பையன் நீட் பரீட்சைக்குத் தயார் செய்கிறான். மத்தியானத்தில் லேபுக்கு வருவதை மாத்திரம் தாங்கள் மன்னித்துவிட்டால் அந்த நேரத்தில் நாற்பது கணக்குப் போடுவான். செய்முறை மார்க்கைத்தான் எப்படியும் போட்டுவிடுவீர்களே!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருக்கிற கவலை அவருக்கு. நீட் பரீட்சையின் பாடத்திட்டத்தில் செய்முறை ரஸாயனமும் சேர்ந்திருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை. எந்தக் கரைசல் என்ன நிறமாகும் என்று கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பி விடை அளிக்கலாம். ரோஜா நிறத்தைக் கண்ணால் காணாமலே அதைப் பற்றி முழு மார்க்கும் வாங்கிவிடுகிற காலம் இது.

பையன் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். முதல் நாள் குடுவை முழுவதையும் நாவற்பழ நிறமாக்கினான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாவது வாரத்தில் என்னிடம் வந்து, "டீச்சர், எனக்கு 21.2 வருகிறது, மற்றவர்கள் எல்லோருக்கும் 20.6. நான் எதை எழுதட்டும்?" என்று கேட்டான். நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். "உன் பியூரெட்டைக் காட்டு" என்றேன். 21.2-தான் இருந்தது. எழுதச் சொன்னேன். காரணத்தைத் தேடிப் போனோம். கூம்புக் குடுவையை அவன் ஆக்ஸாலிக் ஆஸிட் கரைசலாலேயே அலசிவிட்டிருந்தான். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அப்படித்தான் அலச வேண்டும்; குடுவையைத் தண்ணீரால் மட்டுமே அலச வேண்டும். புஸ்தகத்தில் இருக்கிறது. அவனுக்கு மனப்பாடமாகவும் தெரியும்.

செலவு ஒரு தடை என்பதை மறுப்பதற்கில்லை. பியூரெட்டுகள் உடைகின்றன, ரஸாயனப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது, வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் ஒருவர் செய்ய ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கும்படி நேருகிறது. ஆனால் எல்லாச் சோதனைக்கும் பெரிய சாமான்கள் வேண்டும் என்பதில்லை. அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் உப்பைப் பரிசோதிக்கப் போகிறோம். இது ரஸத்தில் போடுகிற உப்பேதான். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் அள்ளிய அதே உப்புக்கு, இன்றைக்கு அயோடின் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அயோடின் போதாவிட்டால் கழுத்தில் கழலை வரும். கர்ப்பத்திலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். கடைக்கு வரும் உப்பில் பத்து லக்ஷத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி சுலபமானது. பத்து கிராம் உப்பைக் கரைத்து, கொஞ்சம் ஆஸிடும் பொட்டாஸியம் அயோடைடும் சேர்த்தால் அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் வெளிறிய மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து தயோஸல்பேட் கரைசலை விட்டுக்கொண்டு போய், மஞ்சள் மங்கும் தறுவாயில் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் கருநீலம் வரும். அந்த நீலம் மறைகிற துளியில் நிறுத்த வேண்டும். 0.005 மோலார் கரைசலானால், சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவுக்கு ஒன்றரை மில்லிலிட்டரும் பூராவாகச் செலவாகாது. முப்பது துளிக்குள் விஷயம் முடிந்துவிடும்; ஒரு துளி தப்பினாலும் கணக்குத் தப்பிவிடும். மாணாக்கர் ஒவ்வொருவரும் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு கைப்பிடி உப்புக் கொண்டு வருவதாக ஏற்பாடு.

வகுப்பில் இப்போதே இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன. பாக்கெட் உப்புக்காரர்கள் தங்களுக்குத்தான் ஜயம் என்று இருக்கிறார்கள். கல்லுப்புக்காரர்களோ, பாட்டி காலத்து உப்புக்குக் குறையே இருக்காது என்று வாதாடுகிறார்கள். அடுப்பின் பக்கத்தில் மூடாத ஜாடியில் வைத்த உப்பையும், மூடி வைத்த உப்பையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள், நல்ல யோசனை. பொட்டலங்களின் மேல் யார் வீட்டு உப்பு, என்ன உப்பு என்று எழுதக் கூடாது, நம்பர் மட்டும் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நம்பர்களின் ஜாபிதா என் கைப்பையில் இருக்கும். தயோஸல்பேட் கரைசலை இரண்டு நாள் முன்னதாகவே தயாரித்து அளவு பார்த்து வைத்துவிடலாம். கஞ்சியை மட்டும் அன்று காலையில் காய்ச்ச வேண்டும். பழங் கஞ்சியானால் நீலம் சரியாக வராது.